கசக்காத சத்துமாவு

அத்தியாயம் 4

கன்னியம்மாள் பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். அதை அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

"கையெழுத்து போடமாட்டேங்க" என்றாள்.

திருத்தணி மலையடிவாரத்தில் குழந்தை நலச் சங்கத்தின் அலுவலகம் அது. ஒரே அறை. மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர் சங்கத்தின் செயலாளர் பக்தவச்சலம்; கடைத்தெருவில் பெரிய மருந்துக் கடை வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற காவடிக்காரர்களுக்கு ஆண்டுதோறும் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர். அவருக்குப் பின்னால் சுவரோரமாக முப்பத்தைந்து தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பச்சைச் சீட்டு: 'அமினோ சத்துமாவு. பதினெட்டு அமினோ அமிலங்கள் அடங்கியது. மெலிந்த குழந்தைகளுக்கு. ஆறிய பாலில் கலக்கவும், சூடுபடுத்தக் கூடாது.'

மூன்று மாதமாக இந்த மாவு அம்மையார்குப்பத்தில் நெசவாளர் வீட்டுக் குழந்தைகள் பன்னிரண்டு பேருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பக்தவச்சலம் தம் கடை மூலம் கம்பெனியிலிருந்து வரவழைத்து, பெட்டியாக அனுப்பி வைப்பார். அங்கே சங்கத்தின் சின்ன மருந்தகத்தில் ஆயா வேலை பார்க்கும் கன்னியம்மாள் அதைப் பாலில் கலந்து, தன் கண்ணெதிரே குழந்தைகளைக் குடிக்கவைப்பாள். சாவி அவளிடம்தான். முந்தாநாள் டாக்டர் கோமளவல்லி அரக்கோணத்திலிருந்து வந்து குழந்தைகளை எடை போட்டபோது ஒரு குழந்தை கூட ஏறியிருக்கவில்லை. சந்தேகப்பட்டு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை கலந்த வெறும் மாவு. மீதியிருந்த எல்லா டப்பாக்களிலும் அதே மாவு.

போலீசுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளலாம், ஆனால் கன்னியம்மாள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று பக்தவச்சலம் பெரிய மனதோடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் ரயில்வே பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் உழைத்துவிட்டு இப்போது துப்பறியும் தொழில் செய்யும் பரந்தாமனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பரந்தாமன் கதவருகே நின்றார். அவர் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு, அவருடைய மைத்துனனும் உதவியாளனுமான இளங்கோவன். முப்பது வயது. தேகப் பயிற்சிப் பைத்தியம்.

பரந்தாமன் மேசையருகே வந்து அந்தத் தாளை எடுத்தார். இரண்டு முறை படித்தார்.

'டப்பாக்களில் இருந்த அமினோ சத்துமாவை எடுத்துக்கொண்டு, வேறு மாவை நிரப்பி வைத்தது நானே. மெலிந்த குழந்தைகளுக்குச் செய்த இந்தத் துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்.

"வந்தது முப்பத்தாறு டப்பா" என்றார் பக்தவச்சலம். "இங்க முப்பத்தஞ்சுதான் இருக்குது. காலியா இருந்தாலும் டப்பா இருக்கணுமில்ல? ஒண்ணு எங்க போச்சுன்னு கேளுங்க. வாயைத் திறக்கமாட்டேன்றாங்க."

பரந்தாமன் கேட்டார். கன்னியம்மாள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதைச் சொல்லமாட்டேங்க. ஆனா நான் திருடலே. போலீசைக் கூப்புடுங்க, வரேன். ஜெயில்ல போடுங்க, போறேன். செய்யாததைச் செஞ்சேன்னு மட்டும் என் கையாலே எழுதமாட்டேன்."

ஐம்பது வயதான அந்த மெலிந்த பெண்ணின் குரலில் அழுகையே இல்லை. பரந்தாமன் நிறையத் திருடர்களைப் பார்த்தவர். திருடியவர்கள் மாட்டிக்கொண்டால் காணாமல் போன பொருளுக்கு ஒரு கதை தயாராக வைத்திருப்பார்கள். இவளிடம் கதையே இல்லை. யாரையோ காப்பாற்றுகிறவர்களிடம்தான் கதை இருக்காது.

ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைங்க அந்தப் பாலை அழாமே குடிச்சுதுங்களா?"

"ஒரு பிள்ளை கூட அழலீங்க. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு டம்ளரை நீட்டும்."

பரந்தாமன் டாக்டரிடம் சாயங்காலம் நாலு மணி வரை அவகாசம் கேட்டார். டாக்டர் தலையசைத்தார். பக்தவச்சலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆர்.கே. பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் இருவருக்கும் சன்னல் சீட்டு கிடைத்தது. இளங்கோவன் தோள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும் ஒரு ஸ்பூனையும் எடுத்தான். ஒரு ஸ்பூன் வெளிர் மஞ்சள் தூளை வாயில் கொட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். முகம் கசங்கிய துணியானது.

"இன்னாடா அது?"

"அமினோ சத்துமாவுதான் பாவா. பதினெட்டு அமிலமும் என் நாக்கு மேலே நின்னு சண்டை போட்டுகினு கீது."

"அவ்வளவு கசப்பா?"

"வேப்பங்கொட்டை இதுகிட்ட வந்து பிச்சை வாங்கணும். நாத்தம் வேற. ஆனா நெஞ்சு அரை அங்குலம் ஏறியிருக்குது பாவா. வேணும்னா அக்காவைக் கேளு."

"உன் அக்கா சட்டையிலே பட்டன் தெறிச்சதைத்தான் சொன்னா."

"பட்டன் எதனாலே தெறிச்சுது? அதைச் சொன்னாளா?"

பரந்தாமன் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. இத்தனை கசப்பான மருந்தைப் பன்னிரண்டு குழந்தைகள் மூன்று மாதம் கேட்டு வாங்கிக் குடித்திருக்கின்றன. ஒருநாள் கூட ஒரு குழந்தை அழவில்லை. அப்படியானால் முதல் நாளிலிருந்தே அந்த டப்பாக்களில் மருந்து இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கன்னியம்மாளைக் காப்பாற்ற முடியாது. பெட்டி வந்த அன்றே அவள் மாற்றிவிட்டாள் என்பார் பக்தவச்சலம். அவளுடைய மருந்தகத்துக்குள்ளேயே போகாத ஒரு டப்பா வேண்டும்.

அம்மையார்குப்பத்தில் இறங்கியபோது மணி பத்தரை. தெருவின் நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றப் போகும் நீள இழைகளை இப்படித் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவிக்கொண்டே போவார்கள். கஞ்சி சரியாகப் பிடித்தால்தான் இழை விறைப்பாக நிற்கும். தறியில் அறுந்து தொல்லை கொடுக்காது. காலை வேலை முடிந்து, இழைகள் வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தன.

காணாமல் போன டப்பா எந்த வீட்டிலோ இருக்கும் என்று பரந்தாமன் நம்பினார். இறுக்கமான மூடி போட்ட நல்ல தகர டப்பாவை இந்தத் தெருவில் யாரும் குப்பையில் போடமாட்டார்கள். ஆனால் டப்பா இருக்கிறதா என்று கேட்டால் எந்த வீட்டிலும் இருக்காது. அதனால் வீடு வீடாகத் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் எடுக்க உள்ளே போகிறவர்களின் பின்னால் கண்ணை மட்டும் அனுப்பினார்கள். ஆறாவது வீட்டில் இளங்கோவன், தன் வயிறு இப்போது ஏரி ஆகிவிட்டது, இனி மீன் விடலாம் என்றான். ஒன்பதாவது வீட்டில் பரந்தாமனின் கையைப் பிடித்து இழுத்தான்.

சாமி மாடத்தில், வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன் படத்துக்கு முன்னால், பச்சைச் சீட்டு ஒட்டிய தகர டப்பா. அதற்குக் குங்குமப் பொட்டு. மேலே ஒரு செவ்வரளிப் பூ.

"பாவா" என்றான் மெதுவாக. "இது எந்தச் சாமி? டப்பேஸ்வரரா?"

சொம்பில் தண்ணீரோடு வந்த பெண் அவன் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாடத்தை மறைத்து நின்றாள். இடுப்பில் ஒரு பையன். வயது மூன்று என்றாள், பார்த்தால் ஒன்றரைக்கு மேல் சொல்ல முடியாது. அவள் பெயர் எல்லம்மாள். பையன் தேசப்பன்.

பரந்தாமன் அவளை அதட்டவில்லை. கன்னியம்மாள் இன்று காலை எங்கே நிற்கவைக்கப்பட்டாள், எதைச் சொல்ல மறுத்தாள் என்பதை மட்டும் சொன்னார். எல்லம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் முதல் பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. அவளும் அங்கே இருந்தாள். தினமும் காலையில் பாவு வேலை, மருந்தகத்துக்கு வர முடியாது என்று அழுதாள். கன்னியம்மாள் அங்கேயே, பஸ் நிற்கிற இடத்திலேயே, பெட்டியின் ஆணியைப் பிடுங்கி ஒரு டப்பாவை எடுத்து அவள் முந்தானையில் வைத்தாள். வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் கொடு, யாரிடமும் சொல்லாதே என்றாள். சங்கத்தின் விதிப்படி அது தப்பு.

மறுநாள் விடியற்காலையில் பாவைத் தெருவில் கட்டினார்கள். பிள்ளை பிழைத்தால் வள்ளிக்குப் புடவை நெய்து சாத்துவதாக வேண்டிக்கொண்ட பாவு அது. பாதிக்கு மேல் கஞ்சி போதவில்லை. வீட்டில் மாவும் இல்லை. நனைந்த பாவு காத்திருக்காது, வெயில் ஏறினால் வீணாகிவிடும். கண்ணில் பட்டது அந்த டப்பா. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் கிழித்தாள். உள்ளே மாவு மாதிரிதான் இருந்தது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுக் காய்ச்சிவிட்டாள். காலி டப்பாவை வீசிவிட மனம் வராமல் முருகன் முன்னால் வைத்துத் தினமும் மன்னிப்புக் கேட்டாள்.

"என் பிள்ளை மருந்தை நூலுக்கு ஊத்தின பாவிங்க நான். ஒரு வாரம் கழிச்சு ஆயாம்மா கிட்டே சொல்லி அழுதேன். அவங்க திட்டலே. அன்னியிலேருந்து தினம் மருந்து கலந்த ஒரு டம்ளர் பாலை முந்தானையிலே மறைச்சு எடுத்துகினு வந்து குடுப்பாங்க. தாயே பிள்ளை மருந்தை எடுத்துட்டாள்னு ஊரு பேசக் கூடாது, நீ வாயைத் திறக்காதேன்னாங்க."

இளங்கோவன் தெருப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். பிறகு பரந்தாமன் காதருகே வந்தான். டப்பா கிடைத்தது, ஆனால் கன்னியம்மாள் தொலைந்தாள். ஸ்டாக் டப்பாவை வெளியே கொடுத்தது நிரூபணம் ஆகிவிட்டது என்றான்.

பரந்தாமன் அவனைக் கவனிக்கவில்லை. "அம்மா, அந்தக் கஞ்சி எப்படி வந்தது?"

எல்லம்மாள் விழித்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லவே வெட்கமா இருக்குது. ரொம்ப நல்லா வந்திச்சுங்க. கூழு மாதிரி கெட்டியா. அந்தப் பாவுலே ஓர் இழை அறுந்துபோகலே. இன்னா மாவு போட்டேன்னு தெருவே கேட்டுது."

பரந்தாமன் முருகன் படத்தைப் பார்த்துக் கைகுவித்தார். டப்பாவைக் கீழே இறக்கிப் பார்க்க அவளிடம் அனுமதி கேட்டார். கிழிந்த காகிதப் பட்டை இன்னும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இளங்கோவன் நகத்தால் அதை மெல்ல உரித்தான். உரித்தவன் உற்றுப் பார்த்தான்.

"பாவா, கம்பெனியிலே மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலே ஒட்டியிருக்காங்க போல."

பட்டையின் அடியில் நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை.

பார்சல் ஆபீசில் பரந்தாமன் கற்ற பெரிய பாடம் ஒன்று உண்டு. மூட்டையைத் திறந்தவன், தன் வீட்டில் இருப்பதைக் கொண்டுதான் மறுபடி மூடுவான். கோணி ஊசிக்குப் பதில் வேட்டி நூல், அரக்குக்குப் பதில் மெழுகுவத்தி. இங்கே கம்பெனிப் பசைக்குப் பதில் சோறு. பஸ்ஸிலிருந்து இறங்கிய உடனேயே எடுக்கப்பட்ட டப்பா இது. கன்னியம்மாள் வீட்டுச் சோறு இதைத் தொட நேரமே இருந்திருக்காது.

எல்லம்மாளிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். திருத்தணிக்கு வந்து இதை எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா? அவளுடைய புருஷன் நாகராஜன் அதற்குள் தறியை விட்டு எழுந்து வந்திருந்தான். பத்துப் பேர் நடுவில் போய் நம் மானத்தை வாங்கிக்கொள்வானேன் என்று தயங்கினான். எல்லம்மாள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அந்தம்மா எனக்காக வாயை மூடிகினு நின்னாங்க. நான் வாயைத் திறக்கறதுலே இன்னா மானம் போயிடும்? வழி விடு."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காலையில் விட்ட இடத்திலேயே கன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாளாம். எல்லம்மாளைப் பார்த்ததும் அவள் முகம் முதல் முறையாக மாறியது. வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தாள். எல்லம்மாள் அதைப் பார்க்காதவள் போல எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"கேட்டீங்களா டாக்டர்" என்றார் பக்தவச்சலம். "விதியை மீறி டப்பாவை வெளியே குடுத்திருக்காங்க. இதுக்கு மேலே இன்னா சாட்சி வேணும்?"

டாக்டரிடம் ஊசி கொதிக்கவைக்கிற ஸ்டவ் ஒன்று இருந்தது. பரந்தாமன் அதைக் கேட்டு வாங்கினார். இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் தண்ணீர். சுவரோர டப்பா ஒன்றைத் திறந்து முதல் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் போட்டுக் காய்ச்சினார். சற்று நேரத்தில் அது கூழாகக் கெட்டிப்பட்டது. பிறகு இளங்கோவனிடம் கையை நீட்டினார். அவன் மனமில்லாமல் பொட்டலத்தைக் கொடுத்தான். இரண்டாவது கிண்ணத்தில் அதிலிருந்து இரண்டு ஸ்பூன். எத்தனை கொதித்தாலும் அது தண்ணீராகவே கிடந்தது. அறை முழுக்கக் கசந்த வாடை.

எல்லம்மாள் இரண்டிலும் ஒரு நூலை முக்கி எடுத்து, ஸ்டவ் பக்கமாகப் பிடித்து உலர்த்தினாள். முதல் நூல் குச்சியாக நின்றது. இரண்டாவது துவண்டு தொங்கியது.

"நிஜமான மாவு இப்படித்தான் கரையும்" என்றார் டாக்டர். "கஞ்சியாகவே ஆகாது. சூடுபடுத்தக் கூடாதுன்னு சீட்டிலே போட்டிருக்கறதாலே யாரும் காய்ச்சிப் பார்க்கலே. இவங்க ஒருத்தர்தான் காய்ச்சினாங்க."

"பஸ்ஸிலேருந்து இறங்கி ஒரு நாள் கூட ஆகாத டப்பாவிலே" என்றார் பரந்தாமன். காகிதப் பட்டையை மேசைமேல் விரித்து, சோற்றுப் பருக்கையைக் காட்டினார். சுவரோரம் மீதியிருந்த டப்பாக்களில் இரண்டின் பட்டையை டாக்டரே உரித்துப் பார்த்தார். அங்கேயும் பருக்கைகள் இருந்தன.

பக்தவச்சலம் தொண்டையைச் செருமினார். கம்பெனியே ஏமாற்றியிருக்கிறது, வழக்குப் போடலாம் என்றார்.

டாக்டர் அதைக் கேட்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். "இது அசல். கம்பெனி ஏமாத்தலே. தம்பி, உங்க டப்பா எங்கே?"

"டப்பா இல்லீங்க டாக்டர். நான் லூஸ்லே வாங்கறேன்."

"லூஸ்லேயா? இந்தக் கம்பெனி மூடின டப்பாவிலே மட்டுந்தான் விக்கிறாங்க. எத்தனை நாளா வாங்கறீங்க? எந்தக் கடையிலே?"

எந்தக் கேள்விக்கும் பதிலோடு ஒரு கேலியும் சேர்த்துத் தருகிறவன் இளங்கோவன். இப்போது அவன் மெதுவாகத் திரும்பி மேசைக்கு அப்பால் பார்த்தான். அவன் பார்த்த இடத்தில் பக்தவச்சலம் இருந்தார்.

"மூணு மாசமா" என்றான் கடைசியில். "எங்க பயிற்சிக் கூடத்திலே நாங்க ஏழு பேர் இவர் கடையிலே வாங்கறோம். கம்பெனியிலேருந்து மூட்டையிலே வருதுன்னாரு. பாவா, இந்தப் பிள்ளைங்க வாயிலே போக வேண்டியதையா நான் தின்னுகினு இருந்தேன்?"

எல்லம்மாளின் தோளில் தேசப்பன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

பக்தவச்சலம் எழுந்தார். அவருடைய குரல் இப்போது தேன் போல இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, சங்கத்தின் பெயர் கெட்டால் நாளைக்கு யார் தர்மம் செய்ய வருவார்கள், கன்னியம்மாளுக்கு வேலை உண்டு, இனி மருந்தகம் முழுக்க அவள் பொறுப்பு என்றார். தாளைக் கிழிப்பதற்காகக் கையில் எடுத்தார்.

கன்னியம்மாள் இரண்டு எட்டில் மேசையருகே வந்தாள். அவர் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினாள்.

"கிழிக்காதீங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்து மாத்த வேணாம்."

தாளை அவர் முன்னால் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். பேனாவின் மூடியைத் திருகித் திறந்து அதன் மேல் வைத்தாள்.

"பேர் எழுதலே பாருங்க. கோடு காலியாத்தான் இருக்குது. போடுங்க."

மலைமேல் சாயங்கால பூஜைக்கு மணி அடித்தது. வருடம் தவறாமல் மோர்ப் பந்தல் போட்டவருக்கு அந்த ஓசை எத்தனையோ முறை காதில் விழுந்திருக்கும். இன்றுதான் உள்ளே விழுந்ததோ என்னவோ. ஊரில் உள்ள மெலிந்த பிள்ளைகளின் டம்ளரில் கை வைத்துவிட்டு நெற்றியில் எத்தனை விபூதி பூசினாலும் அது சாம்பல்தான். அவர் டாக்டரைப் பார்த்தார். பரந்தாமனைப் பார்த்தார். யாரும் அவருக்கு வழி விடவில்லை. கன்னியம்மாள் மேசையை விட்டு நகரவில்லை.

பேனாவை எடுத்தார். கோட்டின் மேல் தன் பெயரை எழுதினார்.

டாக்டர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். இது நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

இளங்கோவன் பொட்டலத்தைக் கொண்டுவந்து கன்னியம்மாள் கையில் வைத்தான். மீதி கொஞ்சம்தான் இருக்கிறது, தேசப்பனுக்குக் கொடுங்கள் என்றான். டாக்டர் அளவு சொன்னார். டாக்டரின் பிளாஸ்கில் இருந்த பாலை ஆற்றி, கன்னியம்மாள் மாவை அதில் கலந்தாள். தேசப்பன் வழக்கம்போல ஆசையோடு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மடக்கு குடித்தான்.

அடுத்த நொடி அவன் முகம் கோணியது. டம்ளரைத் தள்ளிவிட்டு, வாயைப் பெரிதாகத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி அலறி அழுதான்.

விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற கன்னியம்மாளின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். டம்ளரை மறுபடி அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.

"அழு நைனா" என்றாள். "நல்லா அழு."